வியன்னாவில் நாங்கள் எடுத்த வீடு

என் கணவர் பஞ்சுக்காரர். தேனியில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு ஜின்னிங் பாக்டரி இருந்தது. பருத்தி விற்க வருகிறவர்களில் சிலர் மூட்டையின் வாயில் நல்ல பஞ்சை வைத்து, நடுவில் தண்ணீர் தெளித்த பஞ்சையும் கல்லையும் வைத்துக் கட்டிக்கொண்டு வருவார்கள். அதனால் அவர் மூட்டையைப் பிரித்து, தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பார்க்காமல் எதையும் வாங்க மாட்டார். வீட்டிலும் அதே குணம்தான். யாராவது நல்ல சேதி சொன்னால்கூட, "அதச் சொல்றதுல அவனுக்கு என்ன கெடைக்குது?" என்பதுதான் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை.

அப்படிப்பட்ட மனிதருக்குத்தான் கண் போயிற்று. இடது கண் சின்ன வயதிலேயே அம்மையில் போனது. மிச்சமிருந்த வலது கண்ணுக்கு மேலே, பஞ்சை அமுக்கிப் பொதியாகப் பேல் கட்டுகிற இரும்புப் பட்டை தெறித்து அடித்தது. காயம் ஆறிவிட்டது. ஆனால் கொஞ்ச நாளில், கீழேயிருந்து ஒரு கறுப்புத் துணியை யாரோ மெல்லத் தூக்கிப் பிடிப்பதுபோல இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தார். மதுரையில் இருந்த மிஷன் டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் இருக்கிற திரை பிரிந்துவிட்டது, அதை ஒட்டவைக்கிற வைத்தியம் இந்த ஊரில் இல்லை, வியன்னாவில் செய்கிறார்கள், தாமதிக்காமல் போங்கள் என்றார். இவர் நம்பவில்லை. சென்னைக்குப் போய் வேறொரு டாக்டரிடம் காட்டினார். அவரும் வியன்னா என்றார்.

"ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டுச் சொல்றாகளோ?" என்று திரும்பி வரும்போது ரயிலில் என்னிடம் கேட்டார்.

இது முப்பதுகளின் நடுவில் நடந்தது. ஊரில் பெண்கள் பலர், வீரபாண்டி ஆத்தாவே கண் கொடுக்கிறவள், அவளை விட்டுவிட்டுக் கடல் தாண்டிப் போவானேன் என்றார்கள். நானும் ஆத்தாவுக்கு வெள்ளியில் கண்மலர் நேர்ந்துகொண்டேன். நேர்ந்துகொண்டுதான் பெட்டியையும் கட்டினேன். அவருக்குத் துணையாக அவருடைய தம்பி போகட்டும் என்றார்கள். தம்பிக்கு இங்கிலீஷ் வராது. எனக்குக் கொஞ்சம் வரும், ராயப்பன்பட்டியில் கன்னியாஸ்திரீகளிடம் படித்தவள் நான். அதோடு, அந்தத் தம்பி பாக்டரியில் பங்கு கேட்டுக்கொண்டிருந்தவர். ஆகவே நான் போவது என்று முடிவாயிற்று.

போவது முடிவான பிறகு, அங்கே எங்கே தங்குவது என்ற பேச்சு ஒரு மாதம் எங்கள் வீட்டில் ஓடியது. கப்பல் டிக்கெட் எடுத்துக் கொடுத்த ஏஜெண்டு ஒரு வரைபடம் அனுப்பியிருந்தார். இவர் அதைக் கட்டிலில் விரித்து, ஆஸ்பத்திரியின் மேல் என் விரலை வைக்கச் சொல்வார். அங்கிருந்து ஒவ்வொரு ஓட்டலுக்கும் சாண் போட்டு அளக்கச் சொல்வார். மங்கலாகத் தெரிந்த அந்தக் காகிதத்தின் மேல் குனிந்துகொண்டு, "ஏன் புள்ள, ஆத்தோரமா வீடு எடுத்தா ஈரம் அடிக்காது?" என்று கேட்பார். சென்னையைத் தாண்டி எங்கும் போகாத நான் என்ன பதில் சொல்வேன்?

ஏஜெண்டு சொன்னது, நகரத்தின் நடுவே வட்டமாகப் போகிற பெரிய சாலையில் இருந்த ஓர் ஓட்டல். ராஜாக்கள் தங்குகிற இடம் என்று எழுதியிருந்தார்.

"ராசாக்களுக்கு என்னத்துக்குப் பஞ்சுக்காரன்? ஏஜெண்டுக்கு அங்கன கமிஷன் இருக்கும். வேணாம்."

நான் படித்த ஊரின் மாதா கோயில் சாமியார் பிரெஞ்சுக்காரர். வயதானவர். புத்தகத்தில் இருப்பதுபோலத் தமிழ் பேசுவார். அவரிடம் போய்க் கேட்டேன்.

"அம்மா, அந்த ஆஸ்பத்திரிக்கு அருகிலேயே கன்னியாஸ்திரீகள் நடத்தும் விடுதி ஒன்று உண்டு. மிகவும் சுத்தமானது. நான் ஒரு வரி எழுதித் தருகிறேன்" என்றார்.

வந்து சொன்னதும் இவர் சிரித்தார். "கண்ணத் தொறக்குறேன்னு சொல்லி நெத்தியில தண்ணியத் தெளிச்சு, வேதத்துல சேத்து அனுப்பிருவாக."

"அவுக என்னைய ஆறு வருசம் படிக்க வச்சாக. தெளிச்சாகளா?"

"அப்ப நீ சின்னப் புள்ள. இப்ப பாக்டரி இருக்குல்ல?"

கடைசியில் எதையும் முன்கூட்டி எடுக்க வேண்டாம், நேரில் பார்த்து எடுத்துக்கொள்ளலாம் என்றார். ஏஜெண்டு பிடிவாதமாக, இறங்கின அன்றைக்கு மட்டும் ரயில் நிலையத்துக்கு எதிரே ஓர் அறையை ஏற்பாடு செய்திருந்தார்.

பம்பாயில் கப்பல் ஏறி இத்தாலியில் இறங்கி, மலைகளுக்குள் புகுந்து புகுந்து போன ரயிலில் வியன்னா போய்ச் சேர்ந்தோம். நல்ல குளிர். பட்டுப்புடவைக்கு மேல் கம்பளிக் கோட்டு, அதற்கு மேல் சால்வை என்று நான் நடந்தால் நானே ஒரு பேல் மாதிரி இருந்தேன். நிலையத்துக்கு எதிரே இருந்த அந்த ஓட்டலில் நுழைந்ததும், மேஜைக்குப் பின்னால் இருந்தவன் எங்கள் பாஸ்போர்ட்டை வாங்கி இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டான். போலீஸுக்குக் காட்ட வேண்டும், பிறகு தருகிறேன் என்றான். அவ்வளவுதான். இவர் அறைக்குப் போக மறுத்து, பாஸ்போர்ட் திரும்பி வரும் வரை அந்த இழுப்பறைக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கண் தெரியாத மனிதர் இழுப்பறையைக் காவல் காத்ததை அந்த ஊர் ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரியில் காட்டினோம். கண்ணை வெகுநேரம் பார்த்துவிட்டு, ஆபரேஷன் செய்யலாம், ஆனால் அதற்குப் பிறகு பல வாரம் இரண்டு கண்ணையும் கட்டிக்கொண்டு அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்றார் பெரிய டாக்டர். முதல் கொஞ்ச நாள் ஆஸ்பத்திரியில், பிறகு வெளியே. ஆகவே நல்ல இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

வெளி வாசலில் ஓர் இளைஞர் எங்களைப் பார்த்து நின்றார். என் புடவையைப் பார்த்துத்தான் நின்றிருக்க வேண்டும். மலையாளி. அங்கே டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தவர். எங்களுக்குக் குமுளிப் பக்கம் ஏலக்காய்க்காரர்களோடு பழக்கம் உண்டு என்பதால் இவருக்கு மலையாளம் நன்றாக வரும். ஊர் விசாரித்தார்கள். தங்க இடம் தேடுகிறோம் என்று நான் சொன்னதும், தான் இருக்கிற வீட்டிலேயே ஒரு பெரிய அறை காலியாக இருக்கிறது, வந்து பாருங்கள் என்றார் அவர்.

இவர் என் கையை அழுத்தினார். பேச்சை நிறுத்து என்று அர்த்தம். அந்த மாணவர் போனதும், "வாசல்ல வந்து நின்னு ஆள் புடிக்கிறான். அவனுக்கு என்னமோ கெடைக்குது" என்றார்.

ஆகவே முதலில், ஊரில் இவரே வேண்டாம் என்று சொன்ன அந்தப் பெரிய ஓட்டலுக்குப் போனோம். தரையெல்லாம் பளிங்கு. மேஜையில் இருந்தவன் என் மூக்குத்தியையும் இவர் தலைப்பாகையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அறை ஒன்றும் காலி இல்லை என்றான். அவனுக்குப் பின்னால் இருந்த பலகையில் சாவிகள் வரிசை வரிசையாகத் தொங்கின. வெளியே வந்து அதைச் சொன்னேன். இவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். "எத்தனை சாவி?" என்று மட்டும் கேட்டார். நிறைய என்றேன். நடந்துகொண்டே இருந்தார்.

கன்னியாஸ்திரீகளின் விடுதிக்கும் போனோம். சாமியார் சொன்னது பொய்யில்லை, தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். ஆனால் ஆண்கள் ஒரு கட்டடம், பெண்கள் ஒரு கட்டடம். பகலில் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு, பாஷை தெரியாத இடத்தில், தனியாகப் படுத்திருக்க வேண்டும் என்று கேட்டதும் இவர் முகம் வெளிறிவிட்டது. அவர் பயந்து நான் பார்த்தது அப்போதுதான். "வேணாம் புள்ள, வா போகலாம்" என்றார். நெற்றியில் தண்ணீர் தெளிக்கிற பேச்சை எடுக்கவே இல்லை.

பிறகுதான் மாணவர் சொன்ன வீடு. ஆஸ்பத்திரிக்குப் பின்னால், டிராம் போகிற தெருவில், மூன்றாவது மாடி. அந்த நகரத்தில் வட்டாரங்களை எண்ணால் சொல்வார்கள், அது ஒன்பதாவது. டாக்டர்களும் நோயாளிகளும் மாணவர்களுமாக இருக்கிற வட்டாரம். வீட்டுக்கார அம்மாள் விதவை. ஐம்பது வயதைத் தாண்டியவள் என்று கணக்குப் போட்டு இவரிடம் சொன்னேன். கொஞ்சம் இங்கிலீஷ் பேசினாள். அறையில் ஓடு பதித்த உயரமான அடுப்பு, இரட்டை ஜன்னல், இரண்டு கட்டில், மேலே இறகு திணித்த தடித்த போர்வைகள்.

இவர் சுவரைத் தட்டிப் பார்த்தார். கதவின் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டு எடுத்தார். பிறகு கட்டிலில் உட்கார்ந்து, அந்த இறகுப் போர்வையின் உறையை அவிழ்த்து, தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டார். அம்மாள் ஏதோ கத்தினாள். அவள் வீட்டுப் போர்வைக்குள் இவர் எதையோ தேடுகிறார், அல்லது ஒளிக்கிறார் என்று நினைத்திருப்பாள். இவர் ஒரு பிடி இறகை எடுத்து முகர்ந்துவிட்டு, "காஞ்சுதான் இருக்கு" என்று என்னிடம் சொன்னார். இறகு அறை முழுக்கப் பறந்தது.

அவளுக்கும் எங்கள் மேல் நம்பிக்கை இல்லை. முன்பு தங்கியிருந்த யாரோ ஓர் இந்தியர் அறைக்குள்ளேயே ஸ்டவ் வைத்துத் தரையைக் கருக்கிவிட்டாராம். எங்கள் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னாள். மிளகாய்ப்பொடி டப்பாவைத் திறந்து மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய், தும்மித் தும்மிக் கண்ணில் நீர் வழிய, "இது மருந்தா?" என்று கேட்டாள். சாப்பாட்டுக்கு என்றேன். நம்பவில்லை. வாடகையைச் சொன்னாள். நாங்கள் பயந்த அளவுக்கு இல்லை. அதுவே இவருக்குப் பெரிய சந்தேகமாகிவிட்டது.

"இம்புட்டுக் கொறைவா ஏன் தாரா? அந்தப் பையனைக் கூப்புடு. நீயே கேளு, நேராவே கேளு, எங்களக் கூட்டியாந்தா உனக்கு என்னன்னு."

எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன். மாணவர் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "உண்டு, ஞான் மறைக்குன்னில்லா" என்றார். ஆள் கொண்டுவந்து விட்டால், அவர்கள் தங்கியிருக்கும் வரை அவருக்கு அங்கே சாப்பாடு இலவசமாம். பேச்சோடு பேச்சாகத் தன் மெலிந்த உடம்பையும் காட்டினார்.

இவர் முகத்தில் பல வாரமாக இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது. "பாத்தியா? நான் சொன்னேன்ல!" என்று தொடையைத் தட்டினார். நான் வேறு இடம் தேட வேண்டும் என்று எழுந்தேன். "எங்க போற? உக்காரு. இவனுக்கு என்ன கெடைக்குதுன்னு தெரிஞ்சு போச்சு. சோறு. பாவம், சோத்துக்குத்தான சொல்லியிருக்கான். இனி என்ன பயம்? பெட்டியைப் பிரி" என்றார்.

அப்படித்தான் அந்த வீட்டை எடுத்தோம்.

ஆபரேஷன் நடந்தது. ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் இருந்த பிறகு, தூக்குப்படுக்கையில் வைத்து மூன்று மாடியும் ஏற்றி அவரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். தலையின் இரண்டு பக்கமும் மணல் பை. திரும்பக்கூடாது, இருமக்கூடாது. பேச மட்டும் முடியும். அதனால் பேசிக்கொண்டே இருந்தார். யார் படியேறுகிறார்கள், வீட்டுக்காரி இப்போது என்ன செய்கிறாள், ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது, கதவைச் சாத்தினாயா. எல்லாவற்றையும் நான் பார்த்துச் சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லி எனக்கும் அந்தக் குணம் தொற்றிக்கொண்டது. நான் சமையலறையை விட்டு வந்ததும் வீட்டுக்காரி கரண்டிகளை எண்ணுவது கேட்கும். ஒருநாள் வெளியே போய்விட்டு வந்தபோது எங்கள் பெட்டியின் வார் நான் மாட்டிய துளையில் இல்லாமல் அடுத்த துளையில் மாட்டியிருந்தது. உள்ளே எல்லாம் அப்படியே இருந்தன. யார் திறந்தார்கள், ஏன் திறந்தார்கள் என்று இன்றைக்கு வரை தெரியாது. அவரிடம் நான் சொல்லவில்லை, அசைந்துவிடுவாரே என்ற பயம்.

பிற்பகலில் அவர் தூங்கும்போது, பக்கத்தில் இரட்டைக் கோபுரத் தேவாலயத்துக்கு முன்னால் இருந்த பூங்காவில் கொஞ்சம் நடந்துவிட்டு வருவேன். அங்கே ஒரு பெரிய மனிதர், நல்ல கோட்டும் தொப்பியும் போட்டவர், ஒருநாள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார். பம்பாய்க்கு வந்திருக்கிறாராம், அழகாக இங்கிலீஷ் பேசினார். எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னதும் முகம் மாறியது. அந்தத் தெருவெல்லாம் உங்களைப் போன்ற கௌரவமானவர்களுக்கு ஏற்றதில்லை, அந்த வீட்டுக்காரி யூதப் பெண், நகையையும் பாஸ்போர்ட்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக நகையைத் தொட்டுப் பார்த்தேன். கரண்டி எண்ணுகிற சத்தமும் பெட்டியின் வாரும் சேர்ந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டன. அவர் விழித்ததும் பூங்காவில் கேட்டதை மட்டும் சொன்னேன்.

"வேற வீடு எதுவும் சொன்னாரா?"

"இல்லங்க."

"நாளைக்குக் கேளு. எங்க போகச் சொல்றாருன்னு கேளு."

கேட்டேன். குறிப்பாக ஒரு வீடும் இல்லை, அங்கே தவிர எங்கே வேண்டுமானாலும் போங்கள், இதைச் சொல்வதில் எனக்கு ஒரு லாபமும் இல்லை, உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறேன் என்றார் அந்த மனிதர். வந்து சொன்னேன். இவர் படுத்தபடியே விரல் மடக்கி எண்ணினார்.

"அந்தப் பையன் சோத்துக்குச் சொன்னான். ஏஜெண்டு கமிஷனுக்குச் சொன்னாரு. இவருக்கு ஒண்ணுமே வேணாமாம். ஒண்ணும் கெடைக்காம, முன்னப்பின்ன பழகாத ஒரு பொம்பளை மேல இம்புட்டு வெறுப்பா? அந்த ஆளு பக்கம் இனிமே போகாத. பூங்காவுக்கே போகாத."

போகவில்லை. அதற்குப் பிறகு ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பதோடு சரி.

சந்தேகப்பட வெளியே ஆள் தீர்ந்துபோனதும் அது என்மேல் திரும்பியது. ஒருநாள் காலையில், அறைச் சுவர் என்ன நிறம் என்று கேட்டார். வெளிறிய பச்சை என்றேன். சில நாள் கழித்து, "சுவரு மஞ்சள்னுதான சொன்ன?" என்றார், ஏதோ ஞாபகம் வந்தது மாதிரி. எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. கையில் கஞ்சிக் கிண்ணம் இருந்தது. கீழே வைத்துவிட்டேன்.

"பச்சைன்னு சொன்னேன். மஞ்சள்னு நீங்க சொல்றது என்னையச் சோதிக்கிறதுக்கு. நான் என்ன பஞ்சு மூட்டையா, கைய விட்டுப் பாக்க?"

கல்யாணமான நாள் முதல் அவரிடம் அப்படி நான் பேசியதில்லை. கட்டுக்குக் கீழே அவர் வாய் கொஞ்சம் நடுங்கியது. அழுதால் கட்டு நனையும், கண் கெடும் என்று டாக்டர் சொல்லியிருந்தது நினைவுக்கு வந்து எனக்குப் பயமாகப் போய்விட்டது.

"கண்ணு இருக்கையில எம்புட்டோ பேர் சொல்லுவாக, நான் ஒரு தடவ பாத்துக்கிருவேன்" என்றார். "இப்ப உன் வாய் வழியாத்தான் பாக்க வேண்டியிருக்கு. எனக்குப் பழக்கம் இல்ல புள்ள."

கிண்ணத்தை எடுத்துக் கஞ்சியை ஊட்டினேன். அதற்குப் பிறகு அவர் அந்த மாதிரிக் கேட்கவில்லை. நானும் அந்தக் கோபத்தை வைத்துக்கொள்ளவில்லை, ஆனால் மறக்கவும் இல்லை.

கட்டை அவிழ்த்தார்கள். கண்ணின் மேல்பாதி தெளிந்திருந்தது, கீழே ஓர் ஓரம் மட்டும் மங்கலாகவே நின்றுவிட்டது. அது போதும் என்றார் டாக்டர். அறைக்குத் திரும்பி வந்ததும், இவர் சுவரோடு சுவராக உள்ளங்கையை வைத்துக்கொண்டு சுற்றி வந்தார். அடுப்பின் ஓட்டைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கீழே டிராம் போவதைப் பார்த்தார். வீட்டுக்கார அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். அவளை ஏற இறங்கப் பார்த்தார். என்ன பார்க்கிறார் என்று அவள் என்னிடம் கேட்டாள். முதல் தடவையாக உங்களைப் பார்க்கிறார் என்றேன். அவள் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள்.

"நீ சொன்னதுக்கு வயசு கூட இருக்கும் போலயே" என்றார் தமிழில். நான் சிரித்துவிட்டேன். அவளும் எதற்கென்று தெரியாமலே சிரித்தாள்.

கிளம்புகிற அன்று அவள் மண்டியிட்டுத் தரை முழுக்கக் கையால் தடவிப் பார்த்தாள், எங்காவது கருகியிருக்கிறதா என்று. மேஜைத் துணியில் மஞ்சள் கறையைக் கண்டுபிடித்துச் சத்தம் போட்டாள். பிறகு ரயிலுக்கு ரொட்டியும் அவித்த முட்டையும் காகிதத்தில் கட்டிக் கொடுத்தாள். ரயில் நகர்ந்ததும் இவர் பொட்டலத்தைப் பிரித்து, ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டார்.

ஊருக்கு வந்து கண்மலர் சாத்தினோம். பாக்டரி வேலை பழையபடி நடந்தது. யுத்தம் தொடங்கிய பிறகு ஒருநாள் அந்த மலையாளி மாணவர் எங்களைத் தேடி வந்தார். டாக்டராகிவிட்டார், குமுளிக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் வேலைக்குச் சேரப் போகிற வழி. நன்றாகச் சதை போட்டிருந்தார். இலை போட்டுப் பரிமாறினேன். வீட்டுக்கார அம்மாளைப் பற்றிக் கேட்டேன்.

ஜெர்மானியர்கள் வியன்னாவுக்குள் வந்து யூதர்களை விரட்டத் தொடங்கிய பிறகு, தானும் வேறு இடத்துக்கு மாறவேண்டியதாயிற்று என்றார். ஊருக்குக் கப்பல் ஏறுவதற்கு முன்னால் சொல்லிக்கொண்டு போகலாமென்று அந்த வீட்டுக்குப் போனாராம். கதவில் வேறு பெயர் இருந்ததாம். திறந்தவர்கள் அதே மேஜை, அதே நாற்காலிகளோடு குடியிருந்தார்களாம். அந்த அம்மாள் எங்கே என்று கேட்டால் தெரியாது என்றார்களாம். கீழ்வீட்டில் கேட்டாராம், எதிர்வீட்டில் கேட்டாராம், எல்லாரும் அதையேதான் சொன்னார்களாம்.

இவர் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அவுகளுக்குத் தெரியலையா, இல்ல சொல்லலையா?"

டாக்டர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பிறகு மெல்ல, "ஒரே படியில் ஏறி இறங்குகிறவர்கள். தெரியாமல் எப்படி இருக்கும்?" என்றார்.

நான் மோர் ஊற்றினேன். சாயங்காலம் அவரைக் கம்பம் பஸ்ஸில் ஏற்றிவிட இவரே கூடப் போனார்.